வடிவு தெளிகிறாள்

ஜனவரி 8, திங்கள்

உறுதியானது: என் மனைவி வடிவு, வயது 64, முதியவர்களுக்குத் தேவையில்லாத மருந்துகளைக் குறைக்கும் ஆய்வு ஒன்றில் சேர்க்கப்பட்டிருக்கிறாள். ஆதாரம்: ஆய்வை நடத்தும் முனைவர் இசக்கியம்மாள். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு இன்று முற்பகல் வந்து அவரே சொன்னார். ஓசூரில் இருக்கும் எங்கள் மகள் செண்பகம் தொலைபேசியில் ஏற்பாடு செய்திருக்கிறாள். போன வாரம் நான் கோர்ட்டுக்குப் போயிருந்த நேரத்தில் வடிவு கையெழுத்தும் போட்டிருக்கிறாள். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

நான் செய்தியாளன். ஓய்வுக்குப் பிறகும் ஒரு நாளிதழுக்கு மாவட்ட நீதிமன்றச் செய்திகளை எழுதிக் கொடுக்கிறேன். எது புதியதோ அது முதலில், யார் சொன்னார் என்பது அடுத்து. நாட்குறிப்பும் அப்படியே வருகிறது.

இசக்கியம்மாளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தனியார் மருத்துவக் கல்லூரியில் வேலை. வந்ததும் சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து, வீட்டில் உள்ள மாத்திரை அத்தனையையும் கொண்டுவரச் சொன்னார்.

"நீங்க டாக்டரா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். பார்மசிஸ்ட். மருந்துகளப் பத்தி ஆராய்ச்சி பண்ணுதேன்."

"அப்பம் மருந்துக் கடையில நிக்க வேண்டியதுதான?"

"அஞ்சு வருஷம் நின்னேன் சார். அங்க நின்னு என்னல்லாம் எடுத்துக் குடுத்தேன்னு பாத்துட்டுத்தான் இங்க வந்தேன்."

பதினொரு வகை மாத்திரைகள் இருந்தன. அதில் நான்கு அட்டைகளை மட்டும் எடுத்து வரிசையாக வைத்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இது தலைச்சுத்துக்கு. ரொம்ப நாள் சாப்பிட்டா சில பேருக்குக் கை நடுங்கும். அம்மாவுக்கு நடுங்குச்சு. நடுக்கத்துக்குன்னு இன்னொரு டாக்டர் இத எழுதியிருக்காவ. இது வயசானவங்களுக்கு மந்தத்தையும் மறதியையும் குடுக்கும். மறதிக்குன்னு வேற ஒருத்தர் இத எழுதியிருக்காவ. கடைசியா இது தூக்கத்துக்கு. ராத்திரி போட்டது பகல்லயும் விடாது. எழுதுனவங்க யாரு மேலயும் குத்தம் சொல்லல. நாலையும் சேத்து வச்சு யாரும் பாக்கல, அவ்வளவுதான்."

பிரஷருக்கும் தைராய்டுக்கும் உள்ளதைத் தொடப்போவதில்லை என்றார். மற்றதையும் டாக்டர் சம்மதித்தால்தான், ஒவ்வொன்றாகத்தான் குறைப்பாராம். பிறகு வடிவைப் பார்த்து, "மாத்திரைய யாரும்மா எடுத்துத் தருதா?" என்று கேட்டார்.

"அவுகதான். கையில வச்சா போட்டுக்கிடுவேன்" என்றாள் வடிவு. மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பாதியில் வாக்கியம் நின்றுவிட்டது. அப்படித்தான் நிற்கும்.

தாலுகா அலுவலகத்தின் சர்வே பிரிவில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவள். நில வரைபடங்களில் அவள் போட்ட கோடுகளை மேலதிகாரிகள் பாராட்டியிருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளாகச் சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். கொடுத்ததைச் சாப்பிடுகிறாள், சொன்னதைக் கேட்கிறாள். வீடு அமைதியாக இருக்கிறது. இந்த அமைதியைக் கலைக்கத்தான் ஓர் ஆராய்ச்சி தேவைப்பட்டிருக்கிறது.

ஜனவரி 9, செவ்வாய்

தளவாயின் மருந்துக் கடைக்குப் போனேன். நாங்கள் ஒரே பள்ளியில் படித்தவர்கள். என்னைப் பார்த்ததும் கல்லாவிலிருந்தே சத்தம் போட்டான்.

"என்னவே ஆவுடையப்பன், உம்ம வீட்டுல மாத்திரையக் கொறைக்க ஆளு வந்திருக்காமே?"

"யாரு சொன்னா?"

"அந்தப் பிள்ளையே எங்கடைக்கும் வந்துச்சு. பழைய அட்டையக் காட்டுனா சீட்டு இல்லாமலே குடுத்திருவியளான்னு கேட்டுச்சு. குடுக்காம? வந்தவனத் திருநீறு பூசியா அனுப்ப முடியும்னேன். சிரிக்கவே இல்லவே."

"நான் கேக்கப் போறேன் அதுகிட்ட. யாரக் கேட்டு இதெல்லாம்னு."

"கேக்காதியும். எழுதும். நீரு பேப்பர்காரரு. நாலு வரி போட்டா அடங்கிரும்."

எழுதலாம். முதலில் விவரம் சேர்க்க வேண்டும்.

ஜனவரி 12, வெள்ளி

தலைச்சுற்றல் மாத்திரை இன்று நிறுத்தப்பட்டது. ஆதாரம்: அதை எழுதிக் கொடுத்த டாக்டர். அவர் மறுப்பார் என்று நம்பித்தான் போன் செய்தேன். மறுக்கவில்லை. "நான் ஆறு வாரத்துக்குத்தான் எழுதுனேன் சார். மூணு வருஷமா சாப்பிடுறாங்கன்னு இப்பதான் எனக்கே தெரியும்" என்றார்.

தொடர்ந்து வாங்கியது யார் என்று அவர் கேட்கவில்லை. தளவாய் கடையில் பழைய அட்டையைக் காட்டினால் புது அட்டை வரும். எல்லா வீட்டிலும் இப்படித்தான் வாங்குகிறார்கள்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். நான் கவனிக்காததால் அடிப்பிடித்தது. வடிவு ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள்.

ஜனவரி 24, புதன்

கல்லூரி டீனுக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்திருக்கிறது. ஆய்வுக்கு நெறிக் குழுவின் அனுமதி உண்டா, யார் பணம் கொடுக்கிறார்கள், ஒருவருக்கு ஏதேனும் ஆனால் யார் பொறுப்பு என்று கேட்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் நகல் இணைத்திருந்தார்கள். எல்லாம் முறையாக இருந்தது. எரிச்சலாக வந்தது.

மாலையில் இசக்கியம்மாள் போன் செய்தார்.

"டீன்கிட்ட விசாரிச்சியளாமே சார். எங்கிட்டக் கேட்டிருந்தா நானே நகல் எடுத்துக் கொண்டாந்திருப்பனே."

"யாரப் பத்தி விசாரிக்கனோ அவங்ககிட்டயே கேட்டு எழுதுதவன் செய்தியாளன் இல்ல."

"சரிதான் சார். அம்மாகிட்டயாவது கேட்டுப் பாத்தியளா, எப்படி இருக்குன்னு?"

போனை வைத்துவிட்டேன். அவளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? நான் தினமும் பார்த்துக்கொண்டிருப்பவன்.

பிப்ரவரி 14, புதன்

வடிவு காப்பித் தம்ளரை ஒரு கையால் பிடித்தாள். சிந்தவில்லை. பனி குறைந்து வெயில் ஏறிவிட்டது. நடுக்கம் குறைந்ததற்கு அது காரணமாக இருக்கலாம்.

பிப்ரவரி 29, வியாழன்

நடுக்க மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து இன்றோடு நிறுத்திவிட்டார்கள். மறதி மாத்திரையையும் டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். சிலிண்டர் வந்தது. தண்ணீர் மோட்டார் மறுபடி மக்கர்.

மார்ச் 6, புதன்

செய்தியை அனுப்புவதற்கு முன்பு வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது என் வழக்கம். நிலத் தகராறு வழக்கு. 'ஒன்று புள்ளி ஆறு இரண்டு ஹெக்டேர், அதாவது மூன்று ஏக்கர்' என்று படித்தேன்.

"நாலு" என்றாள் வடிவு, சன்னல் பக்கமிருந்து.

"என்னது?"

"நாலு ஏக்கர். மூணுன்னு எழுதியிருக்கிய."

"ஆதாரம்?" என்றேன். கேட்பது பழக்கம்.

"ஒரு ஹெக்டேருக்கு ரெண்டரை ஏக்கர், கொஞ்சம் கொறைய. பெருக்கிப் பாத்துக்கோங்க. இத நான் ஆபீஸ்ல முப்பது வருஷம் பெருக்கியாச்சு."

பெருக்கிப் பார்த்தேன். நான்குதான். திருத்தி அனுப்பினேன். தற்செயலாகச் சரியாக இருந்திருக்கலாம்.

மார்ச் 13, புதன்

வடிவு அலமாரியிலிருந்து தன் பழைய அளவுகோலைத் தேடி எடுத்திருக்கிறாள். கோர்ட்டிலிருந்து நான் வரும்போது மேஜையில் ஒரு படம் கிடந்தது. கோடுகள் முன்பு போல இல்லை, ஆனாலும் நேராக இருந்தன. முன்னறை, அடுக்களை, பின்கட்டு, கிணறு. அம்பாசமுத்திரம் வீடு என்று பார்த்த உடனே தெரிந்தது. முன்னறையில் ஒரு கட்டில் வரைந்திருந்தாள். படம் முழுக்கத் தேடினேன், இன்னொரு கட்டில் இல்லை.

"அளவு தப்பு. கிணறு இவ்வளவு கிட்ட கிடையாது" என்றேன்.

"போய் அளந்து பாத்துட்டு வந்து சொல்லுதேன்" என்றாள்.

மார்ச் 14, வியாழன்

பின்னணியைச் சரியாகப் பதிவு செய்கிறேன். அம்பாசமுத்திரம் வீடு வடிவின் தாய்மாமா அவள் பெயருக்கு எழுதி வைத்தது. ஓய்வு பெற்றதும் அங்கே போய்த் தனியாக இருக்கப்போவதாக அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். சண்டை எதுவும் இல்லை. குரலை உயர்த்தாமல், கேஸ் புக் செய்துவிட்டேன் என்பது போலச் சொல்வாள். பிறகு தலைச்சுற்றல் வந்து விழுந்தாள். ஆஸ்பத்திரி, மாத்திரை, நடுக்கம், மறதி. அந்தப் பேச்சு நின்றுபோனது.

கல்யாணமான பெண் அறுபது வயதில் காரணம் இல்லாமல் தனியாக இருக்கப் போகிறேன் என்பதை, மூளையில் ஏற்பட்ட கோளாறின் முதல் அறிகுறியாகவே நான் கருதினேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் விவரம் கேட்டபோதும் அப்படியே சொன்னேன். ஒரு தகவலாகத்தான்.

மார்ச் 20, புதன்

இசக்கியம்மாள் வந்தார். தூக்க மாத்திரையைக் கால் கால் பாகமாகக் குறைத்துவருகிறார்கள். ஒன்றாம் தேதியோடு முடிகிறது.

"இவளுக்குக் கோபம் வருது. முன்ன வராது. உங்க ஆய்வோட பக்கவிளைவுன்னு எழுதிக்கிடுங்க" என்றேன்.

அவர் பேனாவை எடுத்தார். "எதுக்கும்மா கோபம்?" என்று வடிவைக் கேட்டார்.

"நான் என்ன சொன்னாலும் ஆதாரம் கேப்பாவ. மழை வருதுன்னு சொன்னாக்கூட வாசல்ல போய் நின்னு பாத்துட்டு வந்து, தூத்தல்தான், மழை இல்லம்பாவ. கல்யாணம் ஆன நாள்லயிருந்து இதுதான். நடுவுல கொஞ்ச காலம் பதில் சொல்ல நாக்கு எழும்பல. இப்பம் எழும்புது. இது வியாதியாம்மா?"

"எங்கிட்ட இதுக்குக் கொறைக்க மாத்திரை ஒண்ணும் இல்ல சார்" என்றார் இசக்கியம்மாள், என்னைப் பார்த்து.

இரண்டு பேரும் சிரித்தார்கள். என் வீட்டில், நான் வாங்கிய காப்பியைக் குடித்துக்கொண்டு.

"விழுந்தா நீங்க வந்து தூக்குவியளா?" என்று கேட்டேன்.

"விழாம இருக்கத்தான் சார் இவ்வளவும்."

ஏப்ரல் 1, திங்கள்

தூக்க மாத்திரை இன்றோடு நின்றது. இரவு சரியாகத் தூங்கவில்லை என்றாலும் முகம் தெளிவாக இருக்கிறது. காலைச் சாப்பாட்டின்போது வடிவு சொன்னாள்.

"சித்திரை பொறந்ததும் அம்பாசமுத்திரம் போறேன்."

"யாரு கூட?"

"யாரு கூடயும் இல்ல."

"அங்க மயக்கம் போட்டு விழுந்தா யாருக்குத் தெரியும்?"

"இங்க விழுந்தப்போ பக்கத்துல நீங்க இருந்திய. என்ன பண்ணிய? டாக்டர்கிட்ட எனக்கு மூளை கலங்கிருச்சுன்னு சொன்னிய. வீட்ட விட்டுப் போறேன்னு பினாத்துதாள்னு சொன்னிய. நான் அந்தக் கட்டில்லதான் கெடந்தேன். கண்ணுதான் மூடியிருந்துச்சு."

"ஞாபகம் தப்பா இருக்கலாம் உனக்கு" என்றேன்.

"ஆமா. இத்தன நாளும் அதச் சொல்லித்தான் பொழப்ப ஓட்டுனிய" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இட்லிக்கு மிளகாய்ப்பொடி தீர்ந்திருக்கிறது. அரைக்கச் சொல்ல முடியாத நிலைமை.

ஏப்ரல் 3, புதன்

எனக்கும் சில நாட்களாகத் தூக்கம் சரியில்லை. தளவாயிடம் வடிவின் பழைய தூக்க மாத்திரை அட்டையைக் காட்டி எனக்கென்று கேட்டேன்.

"உமக்கா? பஸ்ல ஏறி உக்காந்த உடனே வாயப் பொளந்துட்டுத் தூங்குத ஆளாச்சேவே நீரு!"

"வயசாகுதுல்லா."

"இது கம்பெனியிலயிருந்து வரல. வேற ஒண்ணு இருக்கு, தாரேன். எல்லாம் ஒண்ணுதாம்வே."

வாங்கிக்கொண்டேன். ஆய்வைப் பற்றிய கட்டுரை எப்போது வரும் என்று கேட்டான். விவரம் போதவில்லை என்றேன்.

ஏப்ரல் 4, வியாழன்

இன்று முதல் இரவுப் பாலை நானே காய்ச்சுகிறேன். அவளுக்கு அலைச்சல் வேண்டாம். பனங்கற்கண்டு கொஞ்சம் கூடுதலாகப் போட்டேன்.

ஏப்ரல் 6, சனி

வடிவு காலையில் நெடுநேரம் தூங்கினாள். எழுந்தும் சன்னலோரமே இருந்தாள். அம்பாசமுத்திரம் பேச்சு எழவில்லை. வரைபடம் மேஜையில் கிடந்தது, எடுத்துப் பரணில் வைத்தேன். அவள் கேட்கவில்லை.

மதியம், "ஏங்க, இன்னைக்கு என்ன கிழமை?" என்றாள். சனி என்றேன். அரை மணி நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சொன்னேன். பொறுமையாகத்தான் சொன்னேன்.

ஏப்ரல் 8, திங்கள்

உறுதியானது: வடிவு குளியலறை வாசலில் கால் இடறி விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, எலும்பு முறிவு இல்லை. ஆதாரம்: நானே. மருந்து போட்டுவிட்டதும் நான்தான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் விடவே இல்லை.

உடனே இசக்கியம்மாளைக் கூப்பிட்டுச் சொன்னேன். "உங்க ஆய்வு தோத்துப் போச்சு. வந்து பாருங்க. பழைய நெலமைக்கே வந்தாச்சு."

ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார். வடிவின் கண்ணைப் பார்த்தார், எழுந்து நடக்கச் சொன்னார், பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"போன வாரம் எங்கிட்டப் போன்ல பேசுனது இவுகதானா? அம்பாசமுத்திரத்துக்கு எத்தன மணிக்குப் பஸ்ஸுன்னு சொன்னாவ."

"நீங்க மாத்திரைய நிறுத்துனதோட வினை."

"நிறுத்துனா தூக்கம் வராது சார். இப்படிக் கூடுதலாத் தூங்க மாட்டாவ. வீட்டுல வேற யாரும் தூக்க மாத்திரை சாப்பிடுதாவளா?"

"நான் சாப்பிடுதேன்."

"எத்தன நாளா?"

"கொஞ்ச நாளா."

"யாரு எழுதிக் குடுத்தா?"

"இது என்ன, விசாரணையா?"

"ஆமா சார்" என்றார்.

சிறுநீர் மாதிரி எடுத்துக்கொண்டு போனார். போகிறபோது வடிவின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். என்னவென்று எனக்குக் கேட்கவில்லை. வடிவு தலையை ஆட்டினாள். அவளுக்குப் புரிந்ததா என்பது சந்தேகமே.

ஏப்ரல் 10, புதன்

இன்று ஒரு கொலை வழக்கில் தீர்ப்பு. நான் போகவில்லை. கண் விழித்தபோது நண்பகலாகிவிட்டது. ஆபீசிலிருந்து வரிசையாக அழைப்புகள். கடைசியில் எடுத்தபோது உதவி ஆசிரியர், "அண்ணாச்சி, தீர்ப்பு வந்து ரெண்டு மணி நேரம் ஆச்சு. மத்த பேப்பர்காரன் எல்லாம் வலைத்தளத்துலயே போட்டுட்டான். எங்க இருக்கிய?" என்றார். உடம்பு சரியில்லை என்றேன். நாக்கு தடித்திருந்தது.

வடிவு குளித்து, தலை சீவி, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள்.

"தூக்கம் எப்படி?" என்று கேட்டாள்.

செம்பிலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

"நேத்துப் பால் கசந்துச்சு. அந்தப் பிள்ள காதுல சொல்லிட்டுப் போன மாதிரி மொதல்ல நாக்குல வச்சுப் பாத்தேன். நீங்க கதவப் பூட்டப் போனியள்லா, அப்பம் மாத்தி வச்சேன். நீங்க ஒரு வார்த்த சொல்லாம குடிச்சிய. உங்களுக்குக் கசக்கலையா?"

தம்ளர்கள் இரண்டும் ஒரே மாதிரியானவை. மாறிப்போயிருக்க வாய்ப்புண்டு.

"வடிவு, நான் சொல்லுததக் கேளு" என்றேன்.

"கேட்டாச்சு."

அவள் இசக்கியம்மாளுக்குப் போன் செய்தாள், என் எதிரிலேயே. எண்ணைப் பார்க்காமல் போட்டாள்.

ஏப்ரல் 12, வெள்ளி

இசக்கியம்மாள் வந்தார். நான் முன்னறையில் இருந்தேன். வடிவு அடுக்களையில் இருந்தாள், கதவு திறந்திருந்தது.

"தினமும் தூக்க மாத்திரை சாப்பிடுத ஆளு ஒரு தம்ளர் பாலுக்கு அப்படி மத்தியானம் வரைக்கும் அசந்து கெடக்க மாட்டாவ சார். உடம்பு பழகியிருக்கும்."

"நீங்க என்ன சொல்ல வாரிய?"

"நீங்க ஒருநாளும் அதச் சாப்பிடலங்கேன்."

"நிரூபிக்க முடியுமா?"

"செவ்வாக்கிழமை ரிசல்ட் வருது." பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "என் தப்பும் இருக்கு சார். மாத்திரைய எடுத்துத் தாரது யாருன்னு மொத நாளே கேட்டேன். தாரவங்களுக்கு அம்மா குணமாகணும்னு இருக்கான்னு கேக்காம விட்டுட்டேன். இனிமே எந்த வீட்டுக்குப் போனாலும் கேப்பேன்."

"மூணு வருஷம் இவளக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, மாத்திரை குடுத்தது நான். நீங்க இல்ல. உங்க கல்லூரி இல்ல."

"குடுத்திய சார். இல்லங்கல."

அடுக்களையிலிருந்து வடிவு சொன்னாள்: "ஊட்டுனாவ. அன்பாத்தான் ஊட்டுனாவ. நான் வாயத் தொறந்தா சோத்துக்கு மட்டும்னு இருந்துச்சு, அதனால."

மாத்திரை டப்பா இனி வடிவிடம் இருக்கும். இசக்கியம்மாள் போகும்போது நான் எழுந்திருக்கவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. வடிவு தனக்கு மட்டும் காப்பி போட்டுக்கொண்டாள். பரணில் ஏறி வரைபடத்தை எடுத்துவிட்டாள். நாற்காலியைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

ஏப்ரல் 16, செவ்வாய்

உறுதியானது: வடிவின் சிறுநீரில் தூக்க மருந்து இருந்தது. ஆதாரம்: கல்லூரி ஆய்வகத்தின் அறிக்கை. இசக்கியம்மாள் படித்தார். ஓசூரிலிருந்து இன்று காலை வந்த செண்பகமும் உடன் இருந்தாள். செண்பகம் வந்தது முதல் என்னிடம் பேசவில்லை.

"ஒண்ணாந்தேதி வரைக்கும் அவளே சாப்பிட்டுட்டு இருந்தாளே, அதோட மிச்சம் இருக்கும்" என்றேன்.

"அது வேற மருந்து சார். இதுல இருக்கது வேற. அம்மாவுக்கு எந்த டாக்டரும் எழுதிக் குடுக்காத ஒண்ணு" என்றார் இசக்கியம்மாள். "எந்தக் கடையில வாங்குனதுன்னு நான் போய்க் கேக்கல. நீங்க சொல்லுவியன்னு பாத்தேன்."

தளவாய் எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லித்தான் கொடுத்தான். இதை அவரிடம் சொல்லவில்லை.

ஆய்வில் இருப்பவருக்கு இப்படி நேர்ந்தால் எழுத்தில் தெரிவித்தே ஆகவேண்டும் என்றார். வடிவிடம், "உங்க பேரு வெளிய வராம எழுதலாம்மா. நீங்க என்ன சொல்லுதிய?" என்று கேட்டார்.

"பேரப் போட்டே எழுதும்மா. உள்ள வா, நடந்ததச் சொல்லுதேன்."

மூன்று பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெகு நேரம் வடிவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு வாக்கியம்கூட இடையில் நிற்கவில்லை. சொற்கள் எனக்குப் பிடிபடவில்லை.

பிற்பகல் ஆட்டோ வந்தது. வடிவிடம் ஒரு பெட்டியும் ஒரு பையும்தான். பெட்டியை நான் தூக்கப் போனேன், செண்பகம் வாங்கிக்கொண்டாள். செண்பகம் பத்து நாள் உடன் இருந்து, கிணற்றுக்கு மூடி போட்டு, விளக்கு எல்லாம் சரிபார்த்துவிட்டு ஓசூர் திரும்புவாள். அதன் பிறகு வடிவு தனியாக இருப்பாள். இது எனக்கு யாரும் சொன்னதல்ல. அவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

நிலுவையில் இருப்பவை: கல்லூரியின் நெறிக் குழு இம்மாதம் 30-ஆம் தேதி கூடுகிறது. இசக்கியம்மாளின் அறிக்கை அங்கே வைக்கப்படும். என்னைக் கூப்பிடுவார்களா என்பது தெரியவில்லை. போலீசுக்குப் போவதா வேண்டாமா என்பதை வடிவு அதற்குப் பிறகு முடிவு செய்வாள்.

இன்னொன்றும் உண்டு. அவள் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு, போனிலாவது பேசலாமா என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்குக் கூப்பிடுங்க" என்றாள்.

எடுப்பதாகச் சொல்லவில்லை.